மீட்கப்பட்ட நாய்க்குத் தற்காலிக வீடு: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், காக்ஸ் டவுன் பக்கங்களில் நடக்கும் நாய் தத்தெடுப்பு முகாம்களில் படிவம் நிரப்பித் தரும் மேசையில் சில ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். தமிழ் பேசுகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும், படிவத்தை விட்டுவிட்டு மனத்தில் இருக்கும் சந்தேகங்களையெல்லாம் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, என் பதிலைக் கீழே தந்திருக்கிறேன். மருத்துவம் தொடர்பாக நான் சொல்பவை கால்நடை மருத்துவரிடம் போகும் வரைக்குமானவை.

ஃபாஸ்டர்னா என்னங்க? தத்து எடுக்கிறதும் இதுவும் ஒண்ணுதானே?

ஒன்று அல்ல. தத்தெடுப்பவர் அந்த நாயின் ஆயுள் முழுவதற்கும் பொறுப்பேற்கிறார். ஃபாஸ்டர் என்று இங்கே எல்லோரும் சொல்லும் தற்காலிகப் பராமரிப்பாளரோ, நாயின் உடல் தேறும் வரை அல்லது அதற்கு நிரந்தர வீடு அமையும் வரை தம் வீட்டில் இடம் தருகிறார். அறுவை சிகிச்சை, தடுப்பூசி, யாருக்குத் தத்துக் கொடுப்பது போன்ற முடிவுகள் பெரும்பாலும் மீட்பு அமைப்பிடமோ மீட்ட தன்னார்வலரிடமோ இருக்கும். ஆகவே தொடங்குவதற்கு முன்பே, முடிவு எடுப்பவர் யார், செலவு யாருடையது, நாயைத் திருப்பி வாங்கிக்கொள்பவர் யார் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும்.

அதான் காப்பகம் இருக்கே, வீடு எதுக்கு?

பெங்களூரில் 1991 முதல் இயங்கும் கூபா என்ற விலங்கு நல அமைப்பு உட்படப் பல அமைப்புகள் காப்பகம் நடத்துகின்றன; அவை செய்யும் வேலை பெரிது. ஆனால் விபத்தில் அடிபட்டவை, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய் வந்தவை, கைவிடப்பட்டவை என்று பலதரப்பட்ட நாய்கள் வந்து போகும் இடம் அது. தடுப்பூசி முடியாத இரண்டு மாதக் குட்டிக்கு அதைவிட ஆபத்தான இடம் வேறில்லை. மேலும், பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைதான் நாய்க்குட்டி மனிதர்களையும் ஓசைகளையும் பொருள்களையும் அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவம். அந்தக் காலத்தைக் கம்பிக் கூண்டுக்குள் கழித்த குட்டிக்கு மிக்சி சத்தமும் மாடிப்படியும்கூடப் பின்னாளில் பயம் தருபவையாகிவிடும்.

இன்னொரு காரணம்தான் எனக்கு முதன்மையானது. ஒரு நாய் வீட்டில் எப்படி இருக்கும் என்பதைக் கூண்டில் வைத்துப் பார்த்துச் சொல்லவே முடியாது. கூண்டில் ஓயாமல் குரைக்கும் நாய் வீட்டுக்கு வந்ததும் நாளெல்லாம் தூங்கும். அங்கே வாலைச் சுருட்டிக்கொண்டு மூலையில் கிடந்தது இங்கே சோபாவைக் கிழிக்கும். தத்தெடுக்க வருபவருக்குத் தேவைப்படும் இந்தத் தகவலைத் தரக்கூடியவர், அந்த நாயோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர் மட்டுமே. சோறு போடுவதைப் போலவே, கவனித்து உள்ளபடி எழுதி வைப்பதும் ஃபாஸ்டரின் வேலை என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

எத்தனை நாள் வச்சிக்கணும்?

நாயைப் பொறுத்தது. கருத்தடை அறுவை முடிந்த வீட்டு நாய்க்குத் தையல் ஆறப் பத்து முதல் பதினான்கு நாள் போதும். எலும்பு முறிவுக்கு ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். குட்டிகளுக்குத் தடுப்பூசி ஆறு அல்லது எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாவது வாரம் வரை போகும். நடுவிலேயே தத்துப் போய்விடும் குட்டிகள் உண்டு. வயதான நாய், மூன்று கால் நாய், கறுப்பு நிற நாட்டு நாய் ஆகியவற்றுக்கு வீடு அமைய மாதக்கணக்கில் ஆகலாம். நிறத்துக்காக ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்காதீர்கள், எனக்கும் புரிந்ததில்லை.

எங்களுது ஒரு பெட்ரூம் வீடு. இதுல முடியுமா?

முடியும். வீட்டின் பரப்பளவைவிட, மூடித் தாழிடக்கூடிய ஒரு கதவு வீட்டுக்குள் இருப்பதுதான் முக்கியம். குளியலறை, சமையலறையை ஒட்டிய பாத்திரம் துலக்கும் இடம், ஒரு பக்கம் தடுப்பு வைத்த கூடம் என எதுவும் போதும். பால்கனியில் கம்பிகளுக்கு இடையே குட்டி நுழையும் இடைவெளி இருந்தால் வலை கட்டிவிடுங்கள்; புறாவுக்குக் கட்டும் மெல்லிய வலை நாயின் பல்லுக்குத் தாங்காது.

எலும்பு முறிந்த நாய்க்குச் சின்ன வீடே வசதி. ஓடாமல் இருக்க வேண்டும் என்றுதானே மருத்துவர் சொல்கிறார்.

வாடகை வீடு. ஓனர் ஒத்துக்கணுமே? அப்பார்ட்மென்ட் சங்கம் வேற இருக்கு.

இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சங்கத்தைப் பொறுத்தவரை, இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் வாக்களித்தாலும்கூட வளர்ப்புப் பிராணிகளைத் தடை செய்ய முடியாது. லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்ல முடியாது. வீட்டு உரிமையாளருடன் நீங்கள் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம் வேறு விஷயம். அதில் பிராணிகள் கூடாது என்று இருந்தால், நாயை அழைத்து வருவதற்கு முன்பே பேசி, எத்தனை வாரம் என்பதைச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். அட்வான்ஸ் என்ற பெயரில் பல மாத வாடகை அவர் கையில் இருக்கும் ஊரில், மறைத்து வைத்துப் பிறகு மாட்டிக்கொள்வது புத்திசாலித்தனம் அன்று.

என் அனுபவத்தில், ‘நாய் வளர்க்கப் போகிறேன்’ என்றதும் மறுத்த உரிமையாளர், ‘கால் உடைந்த நாய், ஆறு வாரம், சேதம் ஆனால் என் செலவு’ என்றதும் சரி என்றார். முடிவு தேதி தெரிந்தால் பலர் இறங்கி வருவார்கள்.

நாங்க ரெண்டு பேருமே ஆஃபீஸ் போறோம். தனியா இருக்குமா?

வளர்ந்த நாய் பழகிய பிறகு ஐந்தாறு மணி நேரம் தனியாக இருக்கும். ஆனால் ஒயிட்ஃபீல்டு பக்கம் அலுவலகமும் ஃப்ரேசர் டவுனில் வீடுமாக இருந்து, போக்குவரத்தையும் சேர்த்துப் பதினொரு மணி நேரம் கதவு பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் குட்டியைத் தர மாட்டோம். இரண்டு மாதக் குட்டிக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை உணவு வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அதனால் சிறுநீரை அடக்க முடியாது.

வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்றால், நடுவயது நாய் ஒன்றைக் கேளுங்கள். வீட்டில் ஓய்வு பெற்ற அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்கள் என்று சொல்பவர்களிடம் நான் மறுபடி ஒரு கேள்வி கேட்பதுண்டு: அவர்களைக் கேட்டீர்களா? மாலையில் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு படியிறங்கப் போவது அவர்கள்தான். இழுக்கும் நாயாக இருந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

செலவெல்லாம் யாரு பாக்கிறது?

வழக்கமாக மருத்துவச் செலவை மீட்பு அமைப்பு ஏற்கும். உணவை ஃபாஸ்டர் பார்த்துக்கொள்வார். தனியாக மீட்கும் தன்னார்வலர்கள் நன்கொடை திரட்டிச் சமாளிப்பவர்கள், ஆதலால் அங்கே இது ஆளுக்கு ஆள் மாறும். எந்த மருத்துவரிடம் போனால் அவர்கள் பணம் தருவார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நீங்களாக ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டு ரசீதை நீட்டினால் மனக்கசப்புதான் மிஞ்சும். குவீன்ஸ் சாலையிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவமனையையும் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையையும் பலர் நாடுகிறார்கள்; காத்திருக்க நேரம் ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும்.

எங்க வீட்ல சுத்த சைவம். தயிர் சாதம் போட்டா போதுமா?

ஒரு வேளைக்குப் போதும். ஒரு மாதத்துக்குப் போதாது. நாய் மாவுச்சத்தைச் செரிக்கும், ஆனால் வளரும் குட்டிக்கும் புண் ஆற வேண்டிய நாய்க்கும் புரதம் நிறைய வேண்டும். வீட்டில் இறைச்சி சமைக்க முடியாதவர்கள் கடையில் கிடைக்கும் உலர் தீவனத்தைத் தரலாம். அதுவும் இறைச்சி கலந்ததுதான் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். மூட்டையைப் பிரித்ததும் வரும் வாசனையைப் பார்த்துவிட்டு மறுநாளே நாயைத் திருப்பித் தந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படித் தருவதைவிட முதலிலேயே வேண்டாம் என்பது நல்லது. கன்னட வீடுகளில் ராகிக் களியோடு முட்டை கலந்து போடுவார்கள். முட்டை வரைக்கும் சம்மதம் என்றால் அது நல்ல வழி.

சைவமோ அசைவமோ, மிச்சம் மீதியைப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நம் சாம்பாரில் இரண்டுமே உண்டு. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆகவே பாயசம் கூடாது. சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத சூயிங் கம்மில் இருக்கும் சைலிட்டாலும் நஞ்சு. கோழி எலும்பை வேகவைத்தால் ஊசிபோல் பிளக்கும்.

முதல் நாள் என்ன பண்ணணும்?

ஏறக்குறைய ஒன்றும் செய்ய வேண்டாம். குளிப்பாட்ட வேண்டாம், அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்ட வேண்டாம், மடியில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். தண்ணீரும் விரிப்பும் இருக்கும் ஒரு மூலையைக் காட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாய், பின்னங்காலில் தகடு வைத்திருந்த செம்பட்டை நிறப் பெண் நாய். வந்ததும் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த ஒரு முழ இடைவெளிக்குள் பின்புறமாக நுழைந்து உட்கார்ந்துகொண்டது. நான்கு நாள் அங்கேயே இருந்தது. பகலில் மூக்கு நுனி மட்டும் தெரியும். இரவு இரண்டு மணிக்கு மேல், எல்லா விளக்கும் அணைந்த பிறகு, நகங்கள் தரையில் தட்டும் ஓசை கேட்கும்; தண்ணீர் குடித்துவிட்டு, கதவருகே போட்டிருந்த செய்தித்தாளில் சிறுநீர் கழித்துவிட்டு, மறுபடி உள்ளே போய்விடும். அதை வெளியே இழுக்கவில்லை என்பது மட்டுமே நாங்கள் அந்த நான்கு நாளில் செய்த நல்ல காரியம். ஐந்தாம் நாள் காலை, நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, அரிவாள்மணைக்கு அருகில் வந்து நின்றது.

மீட்பவர்களிடையே மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு வழங்குகிறது: திகைப்பு அடங்க மூன்று நாள், வீட்டின் நடைமுறை புரிய மூன்று வாரம், இது என் இடம் என்று நம்ப மூன்று மாதம். தோராயமான கணக்குதான் என்றாலும், முதல் நாளே அவசரப்படுபவர்களை அடக்கி வைக்க உதவுகிறது. தப்பி ஓடுவதும் பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் நடக்கும். வெளியே போகும்போது கழுத்துப்பட்டையிலும் மார்புப் பட்டையிலும் தனித்தனிக் கயிறு கட்டுங்கள். பட்டையில் உங்கள் கைபேசி எண் இருக்கட்டும். கூரியர்காரர் மணி அடித்தால், நாய் இருக்கும் அறையைச் சாத்திய பிறகு வாசல் கதவைத் திறங்கள்.

ரெண்டு நாளா சாப்பிடவே மாட்டேங்குதே?

மேலே சொன்ன திகைப்பின் பகுதியாக, வளர்ந்த நாய் ஒரு நாள் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். தண்ணீர் குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று பாருங்கள்; உணவை வெதுவெதுப்பாக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், ஏனெனில் பார்த்துக்கொண்டே நின்றால் பல நாய்கள் வாய் வைக்காது. இரண்டு நாள் ஆகிவிட்டது என்றால் அமைப்பைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. குட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது: அடுத்தடுத்து இரண்டு வேளை சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்ல ஏற்கெனவே ஒரு நாய் இருக்கு. அது ஒத்துக்குமா?

ஒத்துக்கொள்வதற்கு முன்பு அதைப் பாதுகாக்க வேண்டும். உங்கள் நாய்க்கு எல்லாத் தடுப்பூசியும் நடப்பில் இருக்க வேண்டும். புதிதாக வரும் நாயை இரண்டு வாரம் தனி அறையில், தனிக் கிண்ணத்தோடு வைக்க வேண்டும். பார்வோ வைரஸ் உடலில் புகுந்து பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், சில சமயம் இரண்டு வாரத்துக்குள், வாந்தியும் இரத்த பேதியுமாக வெளிப்படும். டிஸ்டெம்பருக்கு அதைவிடக் கூடுதல் நாளும் ஆகலாம். பார்வோ வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயிலை நம்ப வேண்டாம். முதலில் தரையைக் கழுவி அழுக்கை நீக்கிவிட்டு, வீட்டு உபயோக பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும்.

அறிமுகத்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். இருவர் ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, தெருவில் பக்கவாட்டில் இடைவெளி விட்டு நடந்துவிட்டு, அதே நடையாக வீட்டுக்குள் நுழையுங்கள். சாப்பாட்டை எப்போதும் தனித்தனி அறையில் வையுங்கள்.

சின்னப் பிள்ளை இருக்கு, மாமியாருக்குச் சுகர். நோய் ஏதாவது ஒட்டிக்குமா?

ஒட்டக்கூடியவை சில உண்டு. எல்லாமே கைக்கு அடங்கியவை. குடற்புழு முட்டை குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகலாம், ஆகவே குட்டிகளுக்குப் பன்னிரண்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புழு மருந்து தருகிறோம். சொறியில் இரண்டு வகை உண்டு: ஒன்று மனிதருக்கும் சில நாள் அரிப்புத் தரும், மற்றொன்று தராது. எது என்பதை மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாகப் பரவும். மழைக்காலத்தில் கையுறை போட்டுத் துடையுங்கள். உண்ணிக் காய்ச்சல் நாயைத் தொடுவதால் வராது, ஆனால் உண்ணிகள் சுவர் இடுக்கில் குடியேறிவிட்டால் உங்களுக்குத்தான் தலைவலி.

சர்க்கரை நோயோ வேறு காரணமோ எதிர்ப்பாற்றலைக் குறைத்திருக்கும் பெரியவர் இருக்கும் வீட்டில், சொறி நாயையும் பேதியாகும் குட்டியையும் எடுக்காமல், தடுப்பூசி முடிந்த வளர்ந்த நாயைக் கேட்பதே முறை. எந்த நாயாக இருந்தாலும், குழந்தையையும் நாயையும் தனியே விட்டுவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போகக் கூடாது.

கடிச்சிட்டா என்ன செய்யறது?

கடியோ கீறலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வது. மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் வைக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசியில், தசையில் போடும் ஊசி 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 14, 28 ஆகிய நாள்களிலும், தோலில் போடுவது 0, 3, 7, 28 ஆகிய நாள்களிலும் போடப்படும். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் தேவைப்படும். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்ற மருந்து இல்லை.

தொடர்ந்து ஃபாஸ்டர் செய்ய நினைப்பவர்கள், கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதைப் போட்டவர்களுக்குப் பிறகு கடிபட்டால் இரண்டு ஊசியோடு முடியும். கடித்ததை அமைப்பிடம் மறைக்காதீர்கள். நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். சாப்பிடும்போது தொட்டதால் கடித்ததா, தூக்கத்தில் மிதித்ததால் கடித்ததா என்பது அடுத்து வரும் குடும்பத்துக்குத் தெரிய வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

நடுராத்திரியில உடம்புக்கு முடியலைன்னா?

அமைப்பின் இரவு எண்ணையும், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் பெயரையும் முதல் நாளே குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். ஈறு வெளுத்துப் போவது, வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரிப்பது, வலிப்பு, குட்டிக்குத் தொடர் வாந்தி ஆகியவை விடியும் வரை காத்திருக்கக் கூடாதவை. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும்; தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்து, வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ ஐபுபுரூஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் நாயைக் கொல்லக்கூடியவை.

கண்ணே திறக்காத குட்டிங்கள எடுத்துட்டு வந்திருக்காங்க. பசும்பால் குடுக்கலாமா?

கூடாது. தாய் நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்; பசும்பால் பேதியைத்தான் தரும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பொடியை வாங்கி, முதல் வாரங்களில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் கொடுக்க வேண்டும். குழந்தையைப் போல் மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுத்த நிலையிலேயே புகட்டுங்கள். குட்டியின் உடல் சில்லிட்டிருந்தால் முதலில் சூடாக்க வேண்டும், பிறகுதான் பால். ஒவ்வொரு முறையும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவிவிட்டால்தான் சிறுநீரும் மலமும் வரும், ஏனெனில் தாய் நக்கிச் செய்யும் வேலை அது. பத்து முதல் பதினான்கு நாளில் கண் திறக்கும். முதல்முறை ஃபாஸ்டர் செய்பவர் இதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. எவ்வளவு பார்த்தாலும் சில குட்டிகள் போய்விடும்.

இது கன்னடம் பேசுற ஏரியாவுல இருந்த நாய். நாங்க தமிழ்ல கூப்பிட்டா புரியுமா?

சிரிக்க வேண்டிய கேள்வி அன்று. எங்கள் செம்பட்டை நாய் ‘பா’ என்றால் வரும், ‘வா’ என்றால் முழிக்கும். ஒரு வாரத்தில் இரண்டுக்கும் வந்தது. ஆனால் தத்தெடுக்கப் போகிறவர் இந்தி பேசுபவராகவோ மலையாளியாகவோ இருக்கலாம் என்பதால், சொல்லோடு எப்போதும் ஒரே கைச்சைகையையும் சேர்த்துக் காட்டிப் பழக்குங்கள். சைகையை எந்த வீட்டிலும் பயன்படுத்தலாம்.

தீபாவளிக்கு என்ன பண்றது?

வெடிச் சத்தத்தில் கதவிடுக்கு வழியே பாய்ந்து காணாமல் போகும் நாய்கள் மிகுதி. அந்த மூன்று நான்கு நாளும் இருட்டுவதற்கு முன்பே நடையை முடித்துக்கொண்டு, ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிடுங்கள். கட்டிலுக்கடியில் ஒளிந்தால் ஒளியட்டும். மிகவும் நடுங்கும் நாய்க்கு மருந்து உண்டு, ஆனால் பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் வரும் இடிமழைக்கும் இதே முறைதான்.

யாருக்குக் குடுக்கிறாங்கன்னு எங்ககிட்ட கேப்பாங்களா?

நல்ல அமைப்பு கேட்கும். முடிவு அவர்களுடையது என்று முதல் பதிலில் சொன்னேன். ஆனால் அந்த முடிவுக்கான சான்று உங்கள் குறிப்பேட்டில்தான் இருக்கிறது. ‘நல்ல நாய், செல்லமாக இருக்கும்’ என்று எழுதாதீர்கள். அது எல்லா நாய்க்கும் பொருந்தும். எத்தனை மணி நேரம் தனியாக இருந்தது, எதைக் கடித்தது, தலைக்கவசம் போட்ட ஆளைப் பார்த்து என்ன செய்தது, பூனையைக் கண்டால் என்ன ஆனது என்று எழுதுங்கள்.

எங்களிடம் இருந்த இன்னொரு நாய் எல்லாவற்றிலும் அடக்கம். குக்கர் விசில் ஒன்றுக்கு மட்டும் உடல் விறைத்து, எச்சில் ஒழுக, குளியலறைக்கு ஓடும். இதை எழுதிக் கொடுத்தபோது, இப்படியெல்லாம் சொன்னால் யார் எடுப்பார்கள் என்று உடனிருந்த தன்னார்வலர் கோபித்துக்கொண்டார். படித்துப் பார்த்த இரண்டு குடும்பங்கள் பின்வாங்கியது உண்மை. மூன்றாவதாக வந்தவர் தனியாக வாழும் பெண்மணி. சோற்றை வடித்துத்தான் சாப்பிடுவேன், வீட்டில் குக்கரே இல்லை என்றார். குறையை மறைத்துத் தள்ளிவிட்டிருந்தால், முதல் குடும்பத்திலிருந்து பத்து நாளில் திரும்பி வந்திருக்கும்.

குணமானதும் பழையபடி தெருவுலயே விட்டுட்டா? அப்ப நாம பட்ட பாடு?

இது கடினமான கேள்வி. தெருவில் வாழ்ந்து பழகிய வளர்ந்த நாய், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த பிறகு, பிடித்த இடத்திலேயே விடப்பட வேண்டும் என்பதுதான் 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின் அடிப்படை. காது நுனியில் வெட்டு இருப்பது கருத்தடை ஆனதற்கான அடையாளம். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று இந்த முறையை ஏற்று, ரேபிஸ் உள்ள, ஐயத்துக்குரிய, மூர்க்கமான நாய்களை மட்டும் விலக்கியது. தெருநாயைத் தத்தெடுப்பவர் அது மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. பிறகு 2025 நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை அதே வளாகத்தில் விடக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆகவே உங்களிடம் வரும் நாய் எங்கிருந்து பிடிக்கப்பட்டது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; அது திரும்பும் இடத்தை அந்தத் தகவல்தான் தீர்மானிக்கிறது.

குட்டிகள், கைவிடப்பட்ட வீட்டு நாய்கள், கண் தெரியாதவை, நடக்க இயலாதவை ஆகியவற்றைத் தெருவில் விடுவதில்லை. அவற்றுக்கு வீடு தேடுகிறோம். ஆனால் தன் தெருவையும் அங்கே பிஸ்கட் போடும் டீக்கடைக்காரரையும் அறிந்த நாய்க்கு, திரும்பிப் போவது தண்டனை ஆகாது. வண்டியிலிருந்து இறங்கியதும் வால் போகும் வேகத்தை நீங்களே போய்ப் பார்க்கலாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகணும். நடுவுல திருப்பிக் குடுக்கலாமா?

தேதியை முன்பே சொன்னால் தவறே இல்லை. சேலமோ திருப்பத்தூரோ, பயணச்சீட்டு எடுத்த அன்றே அமைப்புக்குச் செய்தி அனுப்புங்கள். இரண்டு வார அவகாசம் இருந்தால் மாற்று வீடு கிடைக்கும். புறப்படும் நாள் காலையில் கூப்பிட்டு ‘இப்போதே வந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பதுதான் எங்களைத் திணறடிக்கிறது. நாய் வீட்டாருக்கு ஒத்துவரவில்லை என்றாலும் இப்படியே முறையாகச் சொல்லித் திருப்பித் தரலாம்.

எனக்கே வச்சிக்கணும்னு தோணிட்டா?

நிறையப் பேருக்குத் தோன்றும். அமைப்புகளும் பெரும்பாலும் உங்களுக்கே முன்னுரிமை தரும். ஒரே ஒரு நிபந்தனை சொல்வேன்: பிரியும் நாளுக்கு முந்தைய இரவில் முடிவு எடுக்காதீர்கள். அன்றைக்கு எல்லா நாயும் நம்முடைய நாய்தான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கான முடிவு என்பதால், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, செலவையும் பயணங்களையும் பேசி முடிவு செய்யுங்கள். நீங்கள் வைத்துக்கொண்டால், அடுத்து வரும் நாய்க்கு உங்கள் வீட்டில் இடம் இருக்குமா என்பதும் கணக்கில் வர வேண்டும்.

குடுக்கிறப்ப மனசு கேக்காதே? அதுவும் நம்மளத் தேடாதா?

கேட்காது, முதல் நாய் போன அன்று நான் இரவுச் சாப்பாடு சமைக்கவில்லை. நாயும் சில நாள் வாசலைப் பார்க்கும். அது படுத்த விரிப்பைத் துவைக்காமல் அப்படியே கொடுத்தனுப்புங்கள், பழகிய வாசனை கூடப் போகட்டும். அதே தீவனம் ஒரு வாரத்துக்குத் தேவையான அளவும், குறிப்பேட்டின் நகலும் கொடுங்கள். ஒரு மாதம் வரை நேரில் போய்ப் பார்க்காதீர்கள். புதிய வீட்டில் நிலைகொள்ளத் தொடங்கியதை நீங்கள் போய்க் கலைத்துவிடக் கூடாது. படம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அந்தச் செம்பட்டை நாய் இப்போது ஹொசூரில் இருக்கிறது. அனுப்பிய முதல் படத்தில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது படத்தில் கட்டிலின் நடுவில்.

ஒண்ணு போனதும் அடுத்தது எப்ப எடுக்கலாம்?

வீட்டைக் கழுவி, விரிப்புகளை வெயிலில் போட்டு, உங்களுக்கும் ஓய்வு எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து எடுங்கள். பார்வோ வந்து போன வீடாக இருந்தால், மேலே சொன்னபடி பிளீச் போட்டுக் கழுவியிருந்தாலும், குறைந்தது ஓராண்டுக்குத் தடுப்பூசி முடியாத குட்டியை ஏற்காமல், முழுத் தடுப்பூசி போட்ட வளர்ந்த நாயை மட்டும் கேளுங்கள். அமைப்பு மறந்துவிட்டுக் குட்டியைக் கொண்டுவந்தால் நீங்கள் நினைவுபடுத்துங்கள்.